நந்தவனத்தில் களை எடுக்கப் போகிறீர்களா? முதலில் பூப்பறிப்பவரைக் கேளுங்கள்

எங்கள் பக்கம் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் கோவிலை ஒட்டி ஒரு நந்தவனம் இருக்கும், இல்லையென்றால் இருந்ததற்கு அடையாளமாக ஒரு கிணறும் கல்தொட்டியும் நாலு அரளியுமாவது மிஞ்சியிருக்கும். காசி வரை போய் நந்தவனம் வைத்தவர்கள் நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்கள். இன்றைக்கு வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தண்ணீர் விட ஆளில்லாமல் உள்ளூர்த் தோட்டங்களில் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பர் கையில் இருக்கும் உழவாரம் புல் செதுக்கும் கருவிதான், அதனால் கூட்டமாகப் போய்ச் சுத்தம் செய்வது நமக்கு ஒன்றும் புதுசில்லை. எங்கே சொதப்புவோம் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அனுமதி வாங்காமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி மாதிரி நகரத்தாரின் கோவில் என்றால் அவர்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும், அறநிலையத் துறைக் கோவில் என்றால் செயல் அலுவலரிடம். எத்தனை பேர், எந்த நாள், என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மரம் எதையும் வெட்டுவதாக இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், இதுதான் முக்கியம்: போகும் முந்தின நாளே அந்தத் தோட்டத்தில் தினமும் பூப்பறிப்பவர் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். எங்கள் குழு முதல் தடவை போனபோது அப்படிச் செய்யவில்லை. காய்ந்த கொடி என்று நினைத்து ஒரு மூலையை மொட்டையடித்துவிட்டு, பெருமையாகப் படமும் எடுத்துக்கொண்டோம். சாயங்காலம் பூக்கூடையோடு வந்த அம்மா பார்த்துவிட்டு, "தம்பி, அது மனோரஞ்சிதம்ல" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போதெல்லாம் பழைய துணியைக் கிழித்து எடுத்துப் போகிறோம். அவர் காட்டுகிற செடியில் எல்லாம் ஒரு துண்டு கட்டிவிடுவோம், துணி கட்டியதை யாரும் தொடக்கூடாது. பவளமல்லிக் கன்று, வில்வக் கன்று, தானாக முளைத்த துளசி எல்லாம் களை மாதிரியேதான் இருக்கும். அருகம்புல்லையும் முழுக்கச் செதுக்கிவிடாதீர்கள், பிள்ளையாருக்கு வேண்டும்.

நாள் எப்போது என்றால், தைப் பொங்கல் முடிந்த கையோடு. நம் செம்மண் கோடையில் கல்லாகிவிடும், கடப்பாரையே திரும்பி வரும். மழை விட்ட ஈரத்தில் களை வேரோடு வரும். புரட்டாசியில் இன்னொரு முறை போனால் ஐப்பசி மழைக்கு முன் வாய்க்கால் அடைப்பை எடுத்துவிடலாம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு நிறுத்திவிடுங்கள். இருபது பேர் வருகிறேன் என்பார்கள், பத்துப் பேர் வருவார்கள், பத்துப் பேருக்கே திட்டம் போடுங்கள்.

களைக்கொத்தி, மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, மண் அள்ளச் சட்டி, சாக்கு, விளக்குமாறு போதும். கையுறை கண்டிப்பாக வேண்டும், பார்த்தீனியம் கையில் பட்டால் சிலருக்கு அரித்துத் தள்ளிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களை அந்தப் பக்கம் அனுப்பவே வேண்டாம். அதைப் பூக்கும் முன்னாலேயே பிடுங்க வேண்டும், பூத்துவிட்டால் விதை ஊரெல்லாம் போகும். கோரை மேலே அறுத்தால் பத்தே நாளில் திரும்பி வந்து நிற்கும், கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும். சீமைக்கருவேலத்துக்கும் அதே கதைதான், தூரோடு எடுக்காவிட்டால் மறுபடி தழைக்கும். ஒரு சிக்கல் என்னவென்றால் மதிலுக்கு உள்ளே செருப்புப் போட விடமாட்டார்கள், அதனால் முதல் அரைமணி நேரம் முள் பொறுக்குவது மட்டும்தான் வேலை.

புதருக்குள் கைவிடும் முன் நீளக் கம்பால் தட்டிச் சத்தம் கொடுங்கள். கல்லைப் புரட்டும்போது எதிர்ப்பக்க ஓரம் தூக்குகிற மாதிரி உங்கள் பக்கமாகச் சாய்த்துப் புரட்டுங்கள், அடியில் தேள் இருந்தால் அந்தப் பக்கமாக ஓடிவிடும். யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. பாழுங்கிணற்றில் யாரும் இறங்கக் கூடாது, உள்ளே விஷவாயு இருக்கலாம், நமக்கு அந்த வேலை தெரியாது. கிடக்கிற கல்லில் எழுத்து ஏதாவது தெரிந்தால் கம்பி பிரஷ்ஷும் ஆசிடும் வேண்டாம், நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு அப்படியே விடுங்கள்.

குப்பையைக் கொளுத்தாதீர்கள். அரளி கலந்திருந்தால் புகையே விஷம், வெட்டிய அரளியை வெளியே போட்டாலும் ஆடு மாடு வாய் வைத்துவிடும். ஓரமாக மூன்றடிக்குக் குழி வெட்டி, சருகையும் வாடிய மாலையையும் மாற்றி மாற்றிப் போட்டு, சாணியைக் கரைத்து ஊற்றினால் அதுவே எருவாகிவிடும். வாழைநாரில் கட்டிய மாலை அப்படியே மக்கும், நைலான் நூல் என்றால் உட்கார்ந்து உருவ வேண்டியதுதான். வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வேலை பொருத்தம், பேச்சும் நன்றாக ஓடும். கோரைக் கிழங்கையும் பூத்த பார்த்தீனியத்தையும் குழியில் போடாதீர்கள், எரு போடும்போது அதையும் சேர்த்து விதைத்தது மாதிரி ஆகிவிடும். எண்ணெய், நெய்ப் பாக்கெட்டுகள் தனிச் சாக்கில்.

சாப்பாட்டைக் கடைசியில் வையுங்கள். ஒரு முறை பக்கத்து வீட்டு ஆச்சி ஏழரை மணிக்கே வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் அனுப்பிவிட்டார்கள், அதோடு அன்றைக்கு வேலை முடிந்தது. நடுவில் நீர்மோர் மட்டும். சாப்பிட உட்காரும் முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அரளிப் பால் கையோடு இருக்கும்.

கலையும் முன் ஒன்று: தண்ணீர் விடுவது யார் என்று அங்கேயே நின்று முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்ளலாம் என்றால் யாரும் பேச மாட்டார்கள். நாங்கள் பூப்பறிக்கும் அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை யார் முறை என்று அவரே எழுதி வைத்து, வராத ஆளுக்குக் காலையிலேயே போன் போட்டுவிடுவார்.