நன்கொடை கொடுப்பதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

யாராவது கேட்ட அந்த நிமிடத்திலேயே பணம் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். மனதைக் கல்லாக்கிக்கொள்ளச் சொல்லவில்லை, எப்போது, யாருக்கு, எவ்வளவு என்ற முடிவு உங்கள் கையில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். போனில் உருக்கமாகப் பேசுகிறவர், தெருவில் உண்டியலை நீட்டுகிறவர், ஒரு குழந்தையின் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் ஃபார்வேர்டு, இவை எல்லாமே யோசிக்க நேரம் தராமல் நம்மை அவசரப்படுத்துகின்றன. "விவரம் அனுப்புங்கள், பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒழுங்காக நடக்கும் அமைப்பு சந்தோஷமாக அனுப்பும், கோபப்படுகிறவர்களை அங்கேயே விட்டுவிடலாம்.

அப்புறம், எந்த அமைப்பு என்று தேடுவதற்கு முன்னால் எந்த வேலைக்குக் கொடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கண் சிகிச்சையா, பெண் பிள்ளைகளின் படிப்பா, குடிநீரா, முதியோர் பராமரிப்பா? ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதே வேலையைச் செய்யும் மூன்று நான்கு அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோருடைய வெப்சைட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2015 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து, 'கேன்சர் ஃபண்ட் ஆஃப் அமெரிக்கா' என்ற அமைப்பின் மீதும் அதோடு தொடர்புடைய மூன்று அமைப்புகளின் மீதும் வழக்குப் போட்டன. 2008 முதல் 2012 வரை இவை வசூலித்தது 18.7 கோடி டாலருக்கும் மேல், அதில் புற்றுநோயாளிகளுக்குப் போனது சுமார் 3% தான் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. மீதி எங்கே போனது என்றால், போன் போட்டு வசூல் செய்து கொடுத்த கம்பெனிகளுக்கும், நடத்தியவர்களின் சம்பளம், கார், உல்லாசப் பயணம் போன்றவற்றுக்கும். இத்தனைக்கும் இவை முறையாகப் பதிவு செய்து வரிவிலக்கு பெற்ற அமைப்புகள்! பெயரிலும் நோக்கத்திலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே பதிவு எண் இருக்கிறது, வரிவிலக்கு ரசீது கிடைக்கும் என்பதோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள்.

ஆனாலும் பதிவைப் பார்க்காமல் இருக்கவும் கூடாது, ஏனென்றால் அதற்குச் சில நிமிடம்தான் ஆகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் என்றால் சாரிட்டி கமிஷனின் பதிவேடு, அமெரிக்காவில் அமைப்புகள் வரித்துறைக்குத் தரும் 990 என்ற ஆண்டுப் படிவம், இந்தியாவில் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரித்துறை கொடுக்கும் பதிவு (80ஜி என்று பரவலாகத் தெரிந்தது) என்று நாட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. அமைப்பு அனுப்பும் லிங்க்கை அழுத்தாமல் அரசு தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய்த் தேடுங்கள், பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பிரபலமான அமைப்பின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வது பழைய உத்தி.

இனி கணக்கு. இங்கேதான் நிறைய பேர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள், ஆனால் ஆடிட்டருக்குப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசி மூன்று வருடத்து ஆண்டறிக்கையையும் தணிக்கை அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் ஆட்சேபம் இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, அல்லது 'இந்த விஷயம் நீங்கலாக' என்று எதையாவது குறித்திருக்கிறாரா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அடுத்து அறங்காவலர்களின் பட்டியல்: எல்லோரும் ஒரே குடும்பம் என்றால் தப்பு நடக்கிறது என்று அர்த்தமில்லை, ஆனால் தப்பு நடந்தால் தட்டிக் கேட்க ஆள் இல்லை. டிரஸ்டின் கட்டடம் தலைவருக்குச் சொந்தமானதா, அதற்கு வாடகை எவ்வளவு, பொருள் வாங்குவது உறவினரின் கம்பெனியிலா என்பதெல்லாம் கணக்குக்கு அடியில் இருக்கும் குறிப்புகளில் சின்ன எழுத்தில் வரும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வசூல் செய்வதற்கே எவ்வளவு செலவாகிறது என்பதையும், பொருளாக வந்த நன்கொடைக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பழைய மருந்துக்கும் துணிக்கும் பெரிய மதிப்புப் போட்டுச் சேவைச் செலவாகக் காட்டிவிட்டால் நிர்வாகச் செலவின் சதவீதம் அழகாகக் குறைந்துவிடும்.

அந்தச் சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். "நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பைசா கூட நிர்வாகத்துக்குப் போகாது" என்று ஒரு அமைப்பு விளம்பரம் செய்தால் எனக்கு நம்பிக்கை குறையத்தான் செய்யும். கணக்கு எழுத ஆள் வேண்டும், களத்தில் நிற்பவருக்குச் சம்பளம் வேண்டும், கொடுத்த உதவி போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கவும் செலவாகும். நன்கொடையாளர்களுக்காக அமைப்புகளை அலசிச் சொல்லும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற மூன்றும் சேர்ந்து 2013-ல் ஒரு திறந்த கடிதமே எழுதின, நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு அமைப்பை எடை போடாதீர்கள் என்று. 3% மட்டும் சேவைக்குப் போனால் அது கொள்ளை, சரி. ஆனால் நிர்வாகத்துக்கு 10% செலவழிப்பவர் 20% செலவழிப்பவரைவிட யோக்கியர் என்று அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? உதவி பெற்றவர்களின் வாழ்க்கையில் என்ன மாறியது என்பதை. 'பத்தாயிரம் பேருக்குப் பயிற்சி அளித்தோம்' என்பது அவர்கள் செய்த வேலை, அந்தப் பயிற்சிக்குப் பிறகு எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, ஒரு வருடம் கழித்தும் அதில் இருக்கிறார்களா என்பதுதான் பலன். நேர்மையானவர்கள் நடத்தினாலும் பலன் இல்லாமல் போகலாம். தென்னாப்பிரிக்காவில் உருவான 'பிளேபம்ப்' அப்படித்தான் ஆனது. குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலே ஏறும் என்ற யோசனை, கேட்கவே அத்தனை அழகாக இருந்தது, 2010-க்குள் 4,000 நிறுவுவது என்று திட்டம் போட்டு 2006-ல் பெரும் நிதி திரட்டினார்கள். சொன்ன அளவு தண்ணீர் கிடைக்க வேண்டும் என்றால் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று 2009-ல் 'தி கார்டியன்' என்ற பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. குழந்தைகள் விளையாடாத நேரத்தில் கையால் சுற்ற வேண்டியிருந்த பெண்களிடம் முன்கூட்டியே யாராவது போய்க் கேட்டிருக்கலாம்.

குழந்தைகள் இல்லங்களுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் இன்னும் ஒரு படி கூடுதலாக விசாரியுங்கள், இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலகம் முழுவதும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்பு 2009-ல் சொன்னது. வறுமையால்தான் பல பிள்ளைகள் அங்கே வந்து சேர்கிறார்கள். ஆகவே "எத்தனை பிள்ளைகளை இந்த வருடம் குடும்பத்தோடு திரும்பச் சேர்த்தீர்கள்?" என்று கேளுங்கள். வருகிறவர்கள் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடவைக்கும் இடமும், அவர்களின் முகத்தையும் சோகக் கதையையும் பெயரோடு போஸ்டரில் போடும் இடமும் வேண்டாம்.

காகிதத்தில் கிடைக்காததை நேரில் கேட்டு வாங்கலாம். சின்ன அமைப்புகளுக்குப் பளபளப்பான அறிக்கை அச்சடிக்க வசதி இருக்காது, அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: போன வருடம் நீங்கள் செய்ததில் எது சரியாக வரவில்லை, அதற்காக எதை மாற்றினீர்கள்? எல்லாமே வெற்றி என்று பதில் வந்தால் அவர்கள் களத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது உங்களிடம் சொல்லத் தயாராக இல்லை. ஒரு தோல்வியை விவரமாகச் சொல்லி, அதனால் இதை நிறுத்திவிட்டு அதைச் செய்கிறோம் என்று எழுதுபவர்களுக்கு நான் தைரியமாகக் கொடுப்பேன். முடிந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்கவும் செய்யலாம், ஆனால் பெண்கள் பாதுகாப்பு இல்லம் போன்ற இடங்களில் உள்ளே விட மறுப்பதுதான் முறை.

வெள்ளம், நிலநடுக்கம் என்று வரும்போது புதிது புதிதாக வசூல் பக்கங்கள் முளைக்கும். அந்த இடத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த அமைப்பாகப் பார்த்துப் பணமாகவே கொடுங்கள். பழைய துணி மூட்டைகளைப் பிரித்து அடுக்குவதற்கு அங்கே ஆளும் இருக்காது, இடமும் இருக்காது.

பணம் அனுப்பும்போது கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், தனிநபர் பெயரில் வேண்டாம், கிஃப்ட் கார்டு வேண்டவே வேண்டாம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பார்த்த பிறகே தொகையைப் போடுங்கள். முதலில் சின்னத் தொகை. ரசீது வருகிறதா, நன்றிக் கடிதத்தோடு என்ன செய்தார்கள் என்ற விவரமும் வருகிறதா, அல்லது மறுநாளிலிருந்து இன்னும் கொடுங்கள் என்று நச்சரிக்கிறார்களா என்று சில மாதம் கவனித்துவிட்டு, பிடித்திருந்தால் மாதாமாதம் கொடுக்க ஆரம்பியுங்கள். அந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு 'இதற்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும்' என்று நிபந்தனை போடாமல் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய உதவி, வாடகையும் சம்பளமும் அதில்தான் ஓடும். வருடத்துக்கு ஒரு முறை அறிக்கையைத் திரும்பப் பாருங்கள். நிறுத்துவதாக இருந்தால் காரணத்தை எழுதிவிட்டு நிறுத்துங்கள், மோசடி என்று தெரிந்தால் ரசீதையும் கடிதங்களையும் சேர்த்து, பதிவு கொடுத்த அதிகாரியிடமே புகாராகக் கொடுங்கள்.