கரண்ட் போனாலே எரிசக்தி நெருக்கடியா?

காரைக்குடிப் பக்கம் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் போதும், டீக்கடை பெஞ்சில் தீர்ப்பு வந்துவிடும். "நிலக்கரி தீர்ந்துபோச்சாம்" என்பார் ஒருவர். "இனிமே இப்படித்தான்" என்பார் இன்னொருவர். ஏதோ ஒரு வேப்பங்கிளை கம்பியில் உரசி ஃபியூஸ் போயிருக்கும், அநேகமாக அவ்வளவுதான் நடந்திருக்கும்.

சிக்கல் இன்னதென்று சரியாகப் புரியாவிட்டால் செலவும் தப்பான இடத்தில் போய் விழும். லோ வோல்டேஜுக்கு இன்வெர்ட்டர் வாங்கி வைத்த வீடுகள் ஊரில் உண்டு. அதனால் இந்த விஷயத்தில் வழக்கமாகச் செய்யும் தவறுகளைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் கரண்ட் கட். இருட்டானதும் மொட்டைமாடிக்குப் போய்ச் சுற்றிப் பாருங்கள். உங்கள் தெரு மட்டும் இருட்டாகி, பக்கத்துத் தெருவில் விளக்கு எரிந்தால் கோளாறு அநேகமாக உங்கள் டிரான்ஸ்பார்மரில். த்ரீ-பேஸ் இணைப்புள்ள வீட்டில் பாதி எரிந்து பாதி எரியவில்லை என்றால் அநேகமாக ஒரு பேஸ் போயிருக்கிறது. விளக்கு மங்கி, ஃபேன் தவழ்ந்தால் லோ வோல்டேஜ். ஒரே டிரான்ஸ்பார்மரில் ஏசி கூடிக்கொண்டே போனால் கோடையில் இப்படித்தான் ஆகும். காலை ஒன்பது மணிக்கு நின்று மத்தியானத்துக்கு மேல் வந்தால் மாதாந்தரப் பராமரிப்பு. முன்கூட்டியே பேப்பரில் போட்டிருப்பார்கள். இதில் எதற்கும் நெருக்கடி என்று பெயர் வைக்க வேண்டாம். ஊர் ஊராக முறை வைத்து, நாள்கணக்கில் நிறுத்தினால்தான் உற்பத்திக்கும் தேவைக்கும் நடுவே துண்டு விழுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது, எரிசக்தி என்றாலே மின்சாரம் என்று நினைத்துக்கொள்வது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பத்தை மின்கணக்கில் சொன்னால் சுமார் 180 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம், ஒரே சிலிண்டரில் அதைவிட அதிகம் எரித்து முடித்திருக்கும். முறுக்கு, அதிரசம், சீப்புச் சீடை என்று பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எண்ணெய்ச் சட்டி காய்வதற்கு சுவிட்ச் தேவையில்லை. கமர்ஷியல் சிலிண்டர் விலை ஏறும் மாதம்தான் அவர்களுக்கு நெருக்கடி. நாட்டுக்கு வேண்டிய எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி, கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி. வளைகுடாவில் சண்டை என்றால் அதன் சூடு கோட்டையூர் அடுப்படி வரைக்கும் வரும்.

கிலோவாட்டையும் யூனிட்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. 1 கிலோவாட் இழுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். காலையில் ஓட்டினாலும் ராத்திரி ஓட்டினாலும் மீட்டருக்கு அது 1 யூனிட்தான். மின்வாரியத்துக்கு அப்படி இல்லை. கேட்கிற நொடியில் கேட்கிற அளவு மின்சாரம் வந்தாக வேண்டும். அதைப் பெரிய அளவில் சேர்த்து வைப்பது இன்னும் செலவு பிடிக்கிற வேலை. பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, ஏசி, மோட்டார் என்று சேர்ந்து ஓடும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான் மூச்சு முட்டுகிறது. தண்ணீர் மோட்டாரையும் கிரைண்டரையும் பகலுக்கு மாற்றினால் பில்லில் ஒரு பைசா குறையாது, ஆனால் ராத்திரித் தட்டுப்பாட்டில் நம் பங்கு குறையும்.

நிறுவு திறன் என்று பேப்பரில் வரும் எண்ணிலும் இதே வில்லங்கம் உண்டு. நமக்குத் தெற்கே கமுதியில் 2016இல் வந்த சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். அது நல்ல வெயிலில் எட்டக்கூடிய உச்சம். ராத்திரி எட்டு மணிக்குப் பூஜ்யம். காற்றாலைகளும் மே முதல் செப்டம்பர் வரை வெளுத்து வாங்கும், தை மாதத்தில் படுத்துவிடும்.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். நெருக்கடி என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். அப்படியானால் தட்டுப்பாடு எதற்கு? பயன்படுகிற வடிவத்தில், வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், கட்டுப்படியாகிற விலையில் கிடைப்பதற்குத்தான். இந்த நான்கில் ஒன்று அறுந்தாலும் நெருக்கடி வந்துவிடும்.

1973 அக்டோபரில் அறுந்தது விலை. இஸ்ரேலை ஆதரித்த நாடுகளுக்கு எண்ணெய் தர மாட்டோம் என்று அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்தன. பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் 12 டாலருக்குப் பக்கத்தில் போய்விட்டது. பூமிக்கடியில் எண்ணெய் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. 2022இல் இலங்கையில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. பெட்ரோல் ஏற்றிய கப்பல் கடலில் வந்து நின்றது; இறக்கிக்கொள்ள டாலர் இல்லை. அங்கே இல்லாமல் போனது அந்நியச் செலாவணி.

நம் கதை இன்னும் சுவாரசியமானது. 2012இல் சென்னைக்கு வெளியே பகலும் இரவுமாகப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேவை வளர்ந்த வேகத்துக்கு மின்நிலையங்கள் வரவில்லை, உண்மைதான். கூடவே இன்னொன்றும் இருந்தது. அப்போது தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு முழுதாகச் சேரவில்லை; நடுவே சில குறுகலான இணைப்புகள் மட்டுமே. வெளி மாநிலத்தில் மின்சாரம் விலைக்குக் கிடைத்தாலும் கொண்டுவர வழி போதவில்லை. அதே 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கிலும், அடுத்த நாள் கிழக்கு, வடகிழக்கிலும் சேர்த்துக் கட்டமைப்பு சரிந்து அறுபது கோடிப் பேருக்கு மேல் இருட்டில் கிடந்தபோது தெற்கு தப்பியதும் அந்தத் தனிமையால்தான். ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை 2013 டிசம்பர் 31 அன்று இணைந்த பிறகே நாடு ஒரே கட்டமைப்பு ஆனது. வல்லூர், மேட்டூர், வடசென்னைப் புதிய அலகுகள், கூடங்குளம் எல்லாம் அந்தச் சமயத்தில்தான் வரிசையாக வந்தன. கரண்ட் இல்லை என்ற ஒரே பேச்சுக்குள் கம்பி இல்லை என்பதும் ஒளிந்திருந்தது.

சட்டென்று ஒன்று மாறி, உடனே முடிவெடுத்தாக வேண்டிய கட்டம்தான் நெருக்கடி. வருஷக்கணக்கில் அப்படியே கிடப்பதையும் அந்தப் பெயரால் சொல்வது சரியில்லை. கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலம் வெட்டிச் சுமக்கும் அக்காவுக்கு விறகுக் கஷ்டம் 1973இலும் இருந்தது, 2022இலும் இருந்தது. அதற்குப் பெயர் வறுமை. உலக நெருக்கடி முடிந்தது என்று அறிவித்தாலும் அந்தச் சுமை இறங்காது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் ஓடுகிறது. முகப்பில் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், மேலே தேக்கு வேலைப்பாடு வைத்துவிட்டால் வீடு குளிர்ந்துவிடும் என்று நம்பிக் கட்டுகிறார்கள். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக்குள் மத்தியானம் நுழைந்து பாருங்கள். நடுவில் திறந்து கிடக்கும் வளவு, அதைச் சுற்றிய தாழ்வாரம், கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரக் கூரை, வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் கதவுகள். சூடான காற்று மேலே போக, நிழல்பட்ட காற்று உள்ளே வர, இத்தனையும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. பத்தடிக் கான்கிரீட் பெட்டிக்குள் கல்லை மட்டும் பதித்து ஜன்னலைச் சாத்தினால் கடைசியில் ஏசிதான். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, நீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது என்பது பெருமைக்குரிய விஷயமே. ஆனால் அதிலுள்ள சிமென்ட் 1,450 டிகிரிச் சூளையைப் பார்த்துவிட்டு வந்ததுதான்.

அப்புறம் இன்வெர்ட்டர். 1953இல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. பேட்டரி ஆராய்ச்சிக்கே பேர்போன இடம். அந்த ஊரிலேயே இன்வெர்ட்டர் கரண்டை மிச்சப்படுத்தும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்! சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் நாலு யூனிட் ஏற்றினால் ஏறக்குறைய ஒரு யூனிட் சூடாகப் போய்விடும். கரண்ட் வந்ததும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறுவது டிரான்ஸ்பார்மருக்கு இன்னொரு பாரம்.

சோலார் போட்டால் இனி கரண்ட் கட்டே கிடையாது என்பதும் பொய். லைனோடு இணைந்த சாதாரண சோலார் (ஆன்-கிரிட் என்பது இதைத்தான்), லைன் செத்ததும் தானாக நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் வயர்மேன் மேல் நம் மாடி மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியம் தகட்டின் அளவைப் பார்த்து வருவது. பேட்டரிச் செலவு தனி. விலை கேட்கும்போதே ஆன்-கிரிட்டா, ஹைபிரிட்டா, கரண்ட் கட்டில் எந்தெந்த லைட், ஃபேன் ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.