துப்பலை அனுப்ப முதல் குடும்பத்தைக் கேளுங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் டீ.என்.ஏ. என்ற சொல் சந்தைக் கதையாக மாறியது 2005இல். 2004 சுனாமியன்று கல்முனை வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்த 81ஆம் இலக்கக் குழந்தையின் பெற்றோர் யார் என்ற வழக்கு. நீதிமன்றம் பரிசோதனைக்கு உத்தரவிட்டது, பெப்ரவரியில் முடிவு வந்தது, குழந்தை தாய் தகப்பனிடம் போனது. அன்றிலிருந்து டீ.என்.ஏ. என்றால் தீர்ப்பு என்று எங்கள் மனதில் பதிந்துவிட்டது. இப்போது லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் சின்னக் குழாயொன்றில் துப்பி அனுப்பி, வந்த ரிப்போட்டை வட்ஸ்அப்பில் போடும்போதும் அதே கண்ணால்தான் வாசிக்கிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பாவின் அக்கா, எங்களுக்குப் பெரிய மாமி, மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறா. 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து சுகமானவ. சின்ன மாமியின் மகள் லண்டனில். போன வருசம் அவள் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டாள்: மார்பகப் புற்றுநோய் என்ற தலைப்பு, பக்கத்தில் பச்சைச் சரி, “மாற்றம் எதுவும் காணப்படவில்லை.” எல்லோரும் கும்பிட்ட கை போட்டார்கள். அக்கரைப்பற்றில் இருக்கும் அவளுடைய தங்கச்சி அந்த மாதக் கிளினிக்குக்கே போகவில்லை. “அக்காவுக்கு இல்லையெண்டா எனக்கும் இல்லைதானே!”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், தெரிவு செய்த சில மாற்றங்கள் மட்டுமே பார்க்கப்பட்டன என்று இருந்தது.

இந்தப் பொடி எழுத்தை வாசிக்காமல் விடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. மார்பக, சூலகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற இரண்டு மரபணுக்களில் (பள்ளிக்கூடத்தில் பரம்பரை அலகு என்று படித்தது இதைத்தான்) தீங்கான மாற்றங்கள் ஆயிரத்துக்கு மேல் அறியப்பட்டுள்ளன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் முதன்முதலாக வைத்தியர் இல்லாமல் நேரடியாக விற்க அனுமதித்த பிஆர்சிஏ சோதனை, அவற்றில் 3ஐ மட்டும் பார்த்தது. அந்த மூன்றும் பெரும்பாலும் அஷ்கெனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்கள்) காணப்படுபவை. கல்லடியில் வேர்விட்ட குடும்பத்துக்கு அந்த மூன்றும் இல்லை என்பது ஒரு செய்தியா? பின்னாளில் பட்டியல்கள் நீண்டன, ஆனாலும் பட்டியலைத் தேடுவது வேறு, மரபணுவை முழுதாக வாசிப்பது வேறு. இன்னொன்று, அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே மாற்றம் வரவேண்டும் என்றில்லை. தாயிடம் ஒரு தீங்கான மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது பாதிக்குப் பாதி, தனித்தனியாக.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிலர் கம்பனி தரும் கச்சாத் தரவை எடுத்து வேறொரு தளத்தில் போட்டு, “ஆபத்தான மாற்றம்” என்று வந்ததும் நித்திரையைத் தொலைக்கிறார்கள். அப்படி வந்தவற்றை அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று மீண்டும் சோதித்து 2018இல் வெளியிட்டபோது, 100க்கு 40 பொய்யாக இருந்தது. மருத்துவ ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யாமல் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கவே கூடாது. “பொருள் தெளிவில்லாத மாற்றம்” என்று வந்தால் அது நோய் இல்லை. தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பியரே அதிகம் என்பதால் தெற்காசியருக்கு இந்த வசனம் கூடுதலாகவே வரும்.

இனி எங்கள் ஊருக்கே உரிய தவறு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழி. நான் அம்மாவின் குடி. அதனால் பெரிய மாமியின் நோயைப் பற்றி நான் கேட்டபோது உறவுக்காரர் ஒருவர் சிரித்தே விட்டார்: “உனக்கென்ன பிள்ள, நீ அம்மாட குடிதானே!” குடி தாய்வழி போகலாம், பிஆர்சிஏ தாய், தகப்பன் இரண்டு வழியாலும் வரும். அப்பாவுக்கு மார்பகப் புற்றுநோய் வராமலே அவர் அந்த மாற்றத்தை எனக்குத் தந்திருக்கலாம்.

இதே குடிக் கணக்கு கலியாணத்திலும் ஏமாற்றும். ஒரே குடிக்குள் கட்டுவதில்லை, ஆகவே இரத்தம் கலக்காது என்கிறார்கள். மாமன் மகள் வேறு குடிதான், ஆனால் முதல் முறை மச்சான் மச்சாளின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. பொதுவாக 100 பிள்ளைகளில் 2, 3 பேருக்கு வரும் பிறவிக் குறைபாடு இப்படியான கலியாணத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பயமுறுத்தச் சொல்லவில்லை, பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கிறார்கள். ஆனால் கலியாணத்துக்கு முதல் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைப் பார்க்க வேண்டுமென்றால் வெளிநாட்டுக் குழாய் தேவையில்லை. சாதாரண எப்.பி.சி. (முழு இரத்தக் கணக்கு) பரிசோதனையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் பருமன்), எம்.சி.எச். (அதிலுள்ள ஹீமோகுளோபின் அளவு) குறைந்திருந்தால் அதுவே முதல் தடயம். இரும்புச்சத்துக் குறைவிலும் அவை குறையும் என்பதால் அடுத்த சோதனையை வைத்தியர் சொல்வார். இருவரும் தலசீமியாக் காவிகளாக (நோய் இல்லாமல் மாற்றத்தை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

தனியுரிமை பற்றி ஒரு சொல். துப்பல் சோதனை செய்யும் 23 அண்ட் மீ கம்பனியில் 2023இல் சுமார் 69 இலட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. லண்டன் மச்சாள் துப்பியது அவளுடைய துப்பல்தான், ஆனால் அதில் பாதி சின்ன மாமியுடையது. மாமியை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் என்ன செய்வது? கிளினிக்கை விடாதீர்கள், ரிப்போட் எதைச் சொன்னாலும். மரபணு ஆலோசனை என்பது சோதனைக்குப் பிறகு ஆறுதல் சொல்வது என்று நினைக்கிறோம். அதன் பெரும்பகுதி சோதனைக்கு முந்தியது. மூன்று தலைமுறைக்கு யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று வரைவார்கள். முடிவு வந்தால் யாரிடம் சொல்வீர்கள், என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இதற்கென்று மனித மரபியல் பிரிவு 1983 முதல் இருக்கிறது. முதலில் உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கதையுங்கள், அவர் வழிகாட்டுவார். முடிந்தால் முதலில் சோதிக்க வேண்டியவர் நோய் வந்தவர். பெரிய மாமியில் ஒரு மாற்றம் கிடைத்தால் நாங்கள் அந்த ஒன்றைத் தேடினால் போதும். அப்போது வரும் “இல்லை”க்குத்தான் பெறுமதி.

போன ஞாயிறு மாமியோடு இருந்து கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குடும்பத்தை வரைந்தேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். இரண்டு வட்டத்தில் பேனா நின்றது. ஒரு அத்தை 1990ஆம் ஆண்டில் போனவ, 27 வயது. இன்னொருத்தி சுனாமியில், 31. “எங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இல்லை” என்று இத்தனை வருசம் சொல்லி வந்தது இவர்களையும் சேர்த்துத்தான். நோய் வரும் வயதுக்கு அவர்கள் வரவே இல்லை. மாமி கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, “அதையும் எழுதிப் போடு” என்றா. வயதுகளை எழுதினேன். தாள் இப்போது அவவின் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது.