நடக்கிறோம், ஆனால் மூளைக்குப் போய்ச் சேர்கிறதா? முதுமையில் உடற்பயிற்சி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நீங்க உட்காருங்க, நான் எடுத்துட்டு வரேன்." எழுபதைத் தாண்டிய ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்தாலே வீட்டில் யாராவது இதைச் சொல்லிவிடுகிறோம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் முதியவர்களின் மூளை நலம் என்று பேச்சு வந்தால் நான் முதலில் சொல்லும் தவறு இதுதான். தண்ணீர் எடுப்பது, துணி மடிப்பது, மாடி ஏறுவது, கடைக்குப் போவது என்று ஒவ்வொரு வேலையாக அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். அப்புறம் "காலையில் அரை மணி நேரம் நடங்கள்" என்று அறிவுரை சொல்கிறோம். அந்த அரை மணி போக மீதிப் பகல் முழுக்க உட்கார்ந்தேதான் கழிகிறது. பயன்படுத்தாத தசை வயதான உடலில் வேகமாகக் கரையும். முதலில் சும்மா சொன்ன "உங்களால் முடியாது" சில மாதங்களில் நிஜமாகவே ஆகிவிடுகிறது.

கால் தசைக்கும் ஞாபகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இரத்தம். அதனால் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் எல்லாம் மூளையையும் கெடுக்கின்றன. உடற்பயிற்சி இந்த இரண்டையும் இறக்குகிறது. கூடவே, நரம்பு செல்கள் வளரவும் ஒன்றோடொன்று இணையவும் உதவும் ஒரு புரதத்தையும் தூண்டுகிறது. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியவர்கள் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை வாரம் 3 நாள் நடக்க வைத்தார்கள். மற்ற குழுவுக்கு உடலை நீட்டி வளைக்கும் லேசான பயிற்சிகள். ஓராண்டு கழித்து ஸ்கேன் எடுத்தபோது, நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நடந்தவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது.

இந்த ஆய்வை மட்டும் எடுத்துக்கொண்டு "நடந்தால் மறதி நோய் வராது" என்று தலைப்பு போடுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரை வைத்து நடத்தி, 2015-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 2 ஆண்டு பயிற்சிக்குப் பிறகும் நினைவாற்றலிலோ சிந்தனைத் திறனிலோ பயிற்சி செய்த குழுவுக்கும் மற்ற குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே டிமென்ஷியா என்ற மறதி நோய் இருந்த 494 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில் உடல் வலு கூடியது, ஆனால் நோய் முற்றும் வேகம் குறையவில்லை. அப்படியானால் பயிற்சி வீணா? நான் அப்படிப் படிக்கவில்லை. மூளை தேய்வது பல ஆண்டுகளாக நடக்கும் வேலை. அதை மாத்திரை போல இத்தனை மாதத்தில் குணம் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோய் மூன்றாம் மாதமே ஷூவைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் உண்டு. இங்கிலாந்தில் சுமார் 10,000 பேரை 28 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பின்னாளில் டிமென்ஷியா வந்தவர்களின் நடமாட்டம் நோய் கண்டறியப்படுவதற்கு 9 ஆண்டுகள் முன்பிருந்தே குறையத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அதாவது, நடக்காததால் மறதி வந்ததா, மறதி தொடங்கியதால் நடப்பது குறைந்ததா என்று பிரிப்பது அத்தனை எளிதில்லை. வீட்டில் இருப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தினமும் வெளியே போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால் "சோம்பல்" என்று விட்டுவிடாதீர்கள். முட்டி வலியா, வழி குழம்புகிறதா, காது கேட்காததால் ஆட்களைச் சந்திக்கத் தயக்கமா, மனச்சோர்வா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வைத்தியம் இருக்கிறது.

சரி, நடக்கிறவர்கள் செய்யும் தவறுகளுக்கு வருவோம். பெரும்பாலோர் செய்வது உலாத்தல். நின்று நின்று, பேசிப் பேசி, போன வேகத்திலேயே திரும்புவது. சும்மா இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்தான், ஆனால் இதயம் கொஞ்சமாவது வேகமெடுக்க வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் போதும். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, எவ்வளவு சிரமப்பட்டாலும் துடிப்பு பெரிதாக ஏறாது.

நாளுக்கு 10,000 காலடி நடக்க வேண்டும் என்ற கணக்கும் பலரை விரட்டிவிடுகிறது. அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவியின் பெயரிலிருந்து வந்த எண். எந்த மருத்துவரும் அளந்து சொன்னதல்ல. பிரிட்டனில் சுமார் 78,000 பேரை வைத்து 2022-இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 3,800 அடி நடந்தவர்களுக்கே டிமென்ஷியா ஆபத்து 25 சதவீதம் அளவுக்குக் குறைவாக இருந்தது. மேலே சொன்ன முன்பின் குழப்பம் இதற்கும் பொருந்தும். ஆனாலும் 2,000 அடி நடக்கிறவர் அடுத்த மாதம் 2,500-க்குப் போனாலே லாபம்தான்.

எனக்கு மிகப் பெரிதாகப் படும் தவறு, நடையோடு நிறுத்திக்கொள்வது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. இது பலருக்கும் தெரியும். அதே பரிந்துரையில் வாரம் 2 நாளாவது தசை வலுப் பயிற்சி, 3 நாளாவது சமநிலையைச் சோதிக்கும் பயிற்சி என்றும் இருக்கிறது. அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. சமநிலை போனால் விழுவோம். வயதாக ஆக மூளை சற்றே சுருங்குவதால் அதற்கும் மண்டை ஓட்டுக்கும் இடையில் ஓடும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும், சின்ன அடியிலேயே அவை கிழிந்து உள்ளே இரத்தம் கசியலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தலையில் அடிபட்டவர் அன்றைக்கு நன்றாக இருந்துவிட்டு, சில நாளோ சில வாரமோ கழித்துக் குழம்பத் தொடங்கினால் "வயசாயிடுச்சு" என்று சொல்லாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நடக்கும்போது ஏதாவது கேட்டால் சிலர் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அவர்களுக்கு விழும் ஆபத்து அதிகம் என்று 1997-இலேயே கண்டறிந்தார்கள். நடையைக் கவனித்துக்கொள்ளவே மூளையின் கவனம் முழுக்கச் செலவாகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களை நடந்துகொண்டே போனில் பேச விடாதீர்கள். நடை உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டும், படிகளை நினைவில் வைத்து ஆடும் நடனம், துணையோடு விளையாடும் விளையாட்டு போன்றவை நல்லது. கால், கண், நினைவு மூன்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போடுகிறவர்கள், சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். வயதானால் தாக உணர்வு மங்கும் என்பதால், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். பளு தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் எகிறும். நெஞ்சு வலியோ, ஒரு பக்கம் கை கால் வலுவிழப்போ, பேச்சுக் குழறலோ வந்தால் கொஞ்சம் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது, அவசர உதவியை அழைக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நாற்காலிதான். சக்கரம் இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். ஐந்து முறை முடிந்தால் ஐந்து, இரண்டுதான் முடிந்தால் இரண்டு. எழுந்ததும் தலை சுற்றினால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். அவர் தடுமாறினால் பிடிக்கலாம், எழ நேரமாகிறது என்பதற்காகத் தூக்கிவிட வேண்டாம்.