நேரம் தவறி வரும் மெசேஜ்: சர்க்கரை நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் பக்கம் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிற அண்ணன் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை வந்து ஆறு வருடம். நான் அப்போது வேலை பார்த்த கிளினிக்கிலிருந்து தினமும் காலை 8 மணிக்கு அவருக்கு ஒரு மெசேஜ் போகும்: "காலை மாத்திரை போட்டீர்களா?" ஒரு நாள், ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு விடியலில் கரைக்கு வந்தார். மீனை ஏலத்தில் கொடுத்து, வலையை ஒதுங்கவைத்து, வீட்டுக்குள் நுழைகிற நேரம் எங்கள் மெசேஜ் வந்தது. பார்த்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அப்படியே படுத்துவிட்டார். சாப்பிடவில்லை. பதினொரு மணிக்கு அவர் வீட்டு அக்கா எழுப்பியபோது உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. விழுங்க முடிகிற நிலையில் இருந்ததால் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

அந்த 8 மணி என்ற நேரத்தைப் பட்டியலில் எழுதியது நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கிளினிக் வைத்திருப்பவர்கள், தன்னார்வலர்கள், வெளிநாட்டிலிருந்து அம்மா அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

நடந்தது என்ன? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி முடுக்கும். வயிற்றில் சோறு இருந்தால் அந்த இன்சுலினுக்கு வேலை உண்டு. சோறு இல்லாமல் படுத்துவிட்டால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அதைத்தான் தாழ்சர்க்கரை என்கிறோம். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்கு இது அரிது. ஆக, யார் என்ன மாத்திரை போடுகிறார் என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே வரி அனுப்புவதே முதல் தவறு.

மருத்துவர் சீட்டில் 1-0-1 என்று எழுதினால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. அந்தக் 'காலை' என்பது, ராத்திரி தூங்கிக் காலையில் எழுந்து சாப்பிடுகிறவரின் காலை. நம் கரையில் பாதிப் பேருக்கு அப்படிப்பட்ட காலையே கிடையாது. விசைப்படகுக்காரர்கள் மீன்வளத்துறையில் அனுமதி டோக்கன் வாங்கி ஒரு நாள் கிளம்பினால் மறுநாள் விடியலில்தான் திரும்புகிறார்கள். கடற்பாசி எடுக்கப் போகிற அக்காமார் விடிவதற்கு முன்னாலேயே கஞ்சியைக் குடித்துவிட்டு இறங்குகிறார்கள். கருவாடு காயவைக்கிறவர்களுக்கு வெயில்தான் மணி. அதனால் கடிகாரத்தைக் கேட்காதீர்கள். "முதல் சாப்பாடு எப்போது? எந்த நாள் தொழிலுக்குப் போவீர்கள்? திரும்பியதும் சாப்பிடுவீர்களா, தூங்குவீர்களா?" என்று கேளுங்கள். ராத்திரித் தொழிலுக்குப் போகிறவர் என்றால் அந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லி, எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று அவர் வாயாலேயே வாங்கிய பிறகுதான் மெசேஜுக்கு நேரம் குறிக்க வேண்டும்.

கடலுக்கு நடுவே இருக்கிறவருக்கு மெசேஜ் போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை சிக்னல் எட்டிப் பிடிக்கும். நாம் அனுப்பியது நெட்வொர்க்கில் காத்துக் கிடந்து, அவர் கரை ஏறியதும் மூன்று மெசேஜாகச் சேர்ந்து வந்து விழும். "ஐயோ, மூணு வேளை விட்டுப்போச்சே" என்று இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டவரை எனக்குத் தெரியும். விட்டுப்போன மாத்திரைக்கு ஈடாகச் சேர்த்துப் போடவே கூடாது. கடலுக்குப் போகும் நாள் தெரிந்தால் அன்றைக்கு அனுப்பாமல் நிறுத்திவிடலாம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் "புதன் ராத்திரி மாத்திரை" என்று கிழமையைச் சேர்த்து எழுதிவிடுங்கள்.

வருடத்தில் இரண்டு பருவத்தில் இந்தக் கணக்கு மொத்தமாக மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். உடம்பு உழைப்பு குறையும், சோறு குறையாது, கையில் காசு இருக்காது, அதனால் மாத்திரை வாங்குவதும் தள்ளிப்போகும். அந்த இரண்டு மாதம் "மாத்திரை போட்டாச்சா" என்று கேட்பதைவிட "மாத்திரை கையில் இருக்கா, எத்தனை நாளைக்கு வரும்" என்று கேட்பதுதான் பயன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதில் பெயர் பதியாதவருக்கு அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று ரமலான். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நோன்பு பிடிக்கிற ஊர்கள் நிறைய. அந்த மாதமும் "மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடங்கள்" என்று மெசேஜ் போய்க்கொண்டிருந்தால், படிக்கிற வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நம்மேல் இருக்கிற மதிப்பே போய்விடும். நோன்பு தொடங்க ஒரு மாதம் இரண்டு மாதம் முன்னாலேயே "டாக்டரிடம் மாத்திரை நேரத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று அனுப்ப வேண்டும். நோன்பு நாட்களில் மெசேஜ் அனுப்புகிற நேரம் சஹர் என்கிற விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று என்றால் போதும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும், 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆப்பிரிக்காவில் செனகல் நாடு 2014-இல் ரமலான் மாதத்தை வைத்தே இப்படி ஒரு குறுஞ்செய்தித் திட்டத்தைத் தொடங்கியது.

சரி, இவ்வளவு பாடுபட்டு அனுப்புவதில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2013-இல் லான்செட் என்கிற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்தது. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் உணவு, நடை பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு வருட முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. சாதாரணக் குறுஞ்செய்திக்கு இது பெரிய காரியம். ஆனால் அவர்கள் நோய் வராத, வேலைக்குப் போகும் ஆண்கள். அவர்கள் மனநிலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துச் செய்தியை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். "சென்னையில் வேலை செய்தது, இங்கேயும் செய்யும்" என்று ஒரே வரியைத் தினமும் தள்ளுவது அந்த ஆய்விலிருந்து பாடம் கற்றதாக ஆகாது. தினமும் வருகிற மெசேஜை மூன்றாவது வாரம் யாரும் திறப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று போதும்.

எழுத்துக் கணக்கு

எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 இடம்தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக இடம் பிடிக்கும். 'மாத்திரை' நமக்கு நாலு எழுத்து, போனுக்கு 8. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், பழைய பட்டன் போனில் பின்பாதி முன்னால் வந்து நிற்கும். "இன்சுலினை நிறுத்த" என்று ஒரு துண்டும் "வேண்டாம்" என்று ஒரு துண்டும் தனித்தனியாக வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் இப்போது அனுப்புவது இப்படி: "அண்ணே, கரைக்கு வந்தாச்சா? சாப்பாடு எடுத்து வச்சிட்டு மாத்திரை போடுங்க." எண்ணிப் பார்த்தால் சரியாக 70. ஒரே விஷயம், வேண்டாம் என்ற சொல்லே வராத வாக்கியம்.

சில பட்டன் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அவர்களுக்கு அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதில் அர்த்தம் இல்லை. முதல் நாளே ஒரு சோதனை மெசேஜ் போட்டு, "என்ன வந்திருக்கு, படிங்க" என்று போனில் கேட்டுவிட வேண்டும். எழுத்துப் படிக்காதவர் என்றால் நேரே ஒரு போன்கால்தான்.

மருந்து அளவை மட்டும் மெசேஜில் மாற்றவே கூடாது. "ராத்திரி அரை மாத்திரை" என்பதற்கு அரைக் குறியீடு போட்டு, அது கேள்விக்குறியாகப் போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. இன்சுலின் 10 யூனிட்டில் ஒரு பூஜ்யம் கூடினால் 100 ஆகிவிடும். அளவு மாற வேண்டும் என்றால் நேரில் வரச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் மருத்துவரே போனில் பேசி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

கேட்டுவிட்டுப் பார்க்காமல் இருப்பது

எனக்கு மிகவும் கோபம் வருகிற தவறு இது. "இன்றைய சர்க்கரை அளவை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று கேட்டுவிட்டு, வந்த பதிலைப் பார்க்க ஆள் வைக்காமல் விடுவது. தங்கச்சிமடத்தில் ஒரு அத்தை "58" என்று மட்டும் அனுப்பிவிட்டு, நம்மவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் யாரோ பார்த்தார்கள். எண்ணைக் கேட்ட நிமிடத்திலேயே நமக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் கேட்காதீர்கள். கேட்டால், சாப்பிடுவதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 170 என்பது வெறும் வயிற்றில் அதிகம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்றால் பலருக்குப் பரவாயில்லை.

ஆபத்துக்கு மெசேஜை நம்பக் கூடாது என்பதை அவர்களுக்கும் முதலிலேயே சொல்ல வேண்டும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, தடுமாற்றம் வந்தால் யார் பதிலுக்கும் காத்திருக்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இன்னும் ஏறாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும், ஏறியதும் சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மெசேஜாக அனுப்புவதைவிட ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிக் கொடுத்தால் நல்லது. படகிலும் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும்.

அப்புறம், எங்கேயோ எழுதிய அறிவுரையை அப்படியே அனுப்புவது. ஓட்ஸ் சாப்பிடுங்கள், ஆப்பிள் சாப்பிடுங்கள், பூங்காவில் நடங்கள் என்று மண்டபம் ஊரில் இருக்கிறவருக்கு மெசேஜ் வந்தால் அது யாருக்கோ வந்தது என்றுதான் நினைப்பார். வலை இழுக்கிற நாளில் அவருக்குத் தனியாக நடை தேவையில்லை. சாளையைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள், சோற்றைக் குறைத்து மீனையும் காயையும் கூட்டுங்கள், கருவாடு உப்பு என்பதால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அளவாகச் சாப்பிடுங்கள். அவர் சட்டியில் இருப்பதைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பார். சாயல்குடி கருப்பட்டி நம் மாவட்டத்துப் பெருமை, எனக்கும் பிடிக்கும். ஆனால் "கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது" என்று சுற்றுகிற செய்தியை எக்காரணம் கொண்டும் முன்னனுப்பாதீர்கள். அதில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

பயமுறுத்துவதும் வேண்டாம். "காலை வெட்ட வேண்டி வரும்" என்று படித்தவர் செருப்பு வாங்கவில்லை, எங்கள் எண்ணை பிளாக் செய்தார். பாசி எடுக்கிற அக்காமாருக்குப் பாறையும் சிப்பியும் காலைக் கிழிப்பது அன்றாடம். சர்க்கரையால் கால் மரத்துப் போனவருக்குக் கிழிந்தது தெரியாது. "ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்க, புண் இருந்தா நாளைக்கே வாங்க" என்று அனுப்பினால் பார்க்கிறார்கள், வருகிறார்கள்.

வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்க மறக்காதீர்கள். பேரன் கையில் இருந்தால் செய்தி விளையாட்டுக்கு நடுவே தொலைந்துபோகும். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற வீட்டுப் பெண்ணுக்கு இன்சுலின் என்ற சொல் திரையில் மின்னினால் அவள் படுகிற பாடு வேறு. என்ன சொல் போடலாம், யார் எண்ணுக்கு அனுப்பலாம் என்று அவர்களையே கேட்டுவிடுங்கள். மெசேஜில் லிங்க் வைக்காதீர்கள், ஓ.டி.பி. கேட்காதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். சிம் மாற்றுகிறவர்கள், வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நம் பக்கம் அதிகம் என்பதால் மாதம் ஒரு முறை எண்ணைச் சரிபார்ப்பது அவசியம். இல்லாவிட்டால் ஒருவருடைய நோய் விவரம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் நான் அன்றைக்கே அனுப்புகிற மெசேஜ் ஒன்று உண்டு. ஒரு வாரத்து மாத்திரை கையில் இருக்கட்டும் என்று. இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியாக இன்னொன்று: கரண்ட் போனால் இன்சுலினைப் பாலித்தீன் பையில் சுற்றி, தண்ணீர் உள்ள மண்பானையில் வைக்கலாம், மீன் ஐஸ் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம். ஐஸில் உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் வேலை செய்யாது. போன வருடம் அந்த மெசேஜுக்கு முதலில் பதில் போட்டது பாம்பன் அண்ணன் வீட்டு அக்கா. "பானை வாங்கியாச்சு தம்பி. எங்க வீட்டுக்கு இல்ல, பக்கத்து வீட்டு மதினிக்கு."