புது மெயில் ஐடியை எல்லாருக்கும் சொல்வது எப்படி?

புது மெயில் ஐடி தொடங்க ஐந்து நிமிடம் போதும். அதைத் தெரிந்தவர்களிடம் சேர்ப்பதுதான் வேலை, ஏனென்றால் அறியாத முகவரியிலிருந்து "இது என் புது ஐடி, பழையதை விட்டுவிடுங்கள்" என்று வந்தால் இந்தக் காலத்தில் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. அதனால் செய்தி உங்கள் பழைய ஐடியிலிருந்துதான் போக வேண்டும். பழைய கணக்கை மூட அவசரப்படாதீர்கள். ஜிமெயிலை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: பழையதற்கு வருவதைப் புதியதற்குத் திருப்புங்கள்

இதைக் கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் செய்ய முடியும், மொபைல் ஆப்பில் கிடையாது. பழைய கணக்கின் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பகுதிக்குப் போய்ப் புது முகவரியைக் கொடுங்கள். புது ஐடிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மெயில் வரும். அதிலுள்ள லிங்க்கை அழுத்திவிட்டு, திரும்ப வந்து பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்து, ஃபார்வர்டிங்கை ஆன் செய்து, அடியில் 'சேவ் சேஞ்சஸ்' கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி பட்டனை விட்டால் மொத்தமும் வீண். யாஹூவில் 2021 முதல் இந்த வசதிக்குப் பணம் கேட்கிறார்கள், அங்கே இருப்பவர்கள் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: அறிவிப்பு மெயில்

எல்லா முகவரிகளையும் 'டு' கட்டத்தில் கொட்டாதீர்கள். உங்கள் நண்பர்களின் முகவரியெல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும், அப்புறம் யாராவது 'ரிப்ளை ஆல்' போட்டு வாழ்த்துச் சொல்ல, ஊரே வாங்கிக் கட்டிக்கொள்ளும். 'பிசிசி' (Bcc) கட்டத்தில் போடுங்கள், அதில் போட்டால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது; 'டு'வில் உங்கள் புது ஐடியைக் கொடுங்கள். சாதாரண ஜிமெயிலில் ஒரே மெயிலை 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. வாசகம் இவ்வளவு போதும்:

"வணக்கம். இனி என்னை இந்தப் புது ஐடியில் தொடர்புகொள்ளுங்கள்: (புது ஐடியை இங்கே எழுதுங்கள்). கான்டாக்ட்ஸில் சேமித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் என் மெயில் ஸ்பாமுக்குப் போகலாம். சந்தேகம் இருந்தால் என் பழைய போன் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏமாற்றுக்காரர் யாரும் "கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று அவ்வளவு எளிதில் சொல்லமாட்டார். லிங்க், அட்டாச்மென்ட் எதுவும் வேண்டாம்.

படி 3: வாட்ஸ்அப் குழு

பழைய மாணவர் குழு, குடியிருப்புக் குழு எதுவானாலும், ஒரு தடவை போட்டால் பத்து 'குட் மார்னிங்' படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அட்மினிடம் சொல்லிப் 'பின்' செய்ய வையுங்கள், 30 நாள் வரை மேலேயே நிற்கும். முன்பின் தெரியாதவர்களும் நுழையக்கூடிய திறந்த குழு என்றால் ஐடியைப் போடாமல் "மாற்றிவிட்டேன், தனியாகக் கேளுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள்.

படி 4: தானியங்கி பதில்

பழைய கணக்கில் 'வெக்கேஷன் ரெஸ்பாண்டர்' என்று ஒன்று இருக்கும். விடுமுறைக்காக வைத்தது, நமக்கும் உதவும். அதில் புது ஐடியை எழுதி, 'கான்டாக்ட்ஸில் இருப்பவர்களுக்கு மட்டும்' என்பதை டிக் செய்துவிடுங்கள்.

படி 5: மனிதர்கள் அல்லாதவர்கள்

வங்கி, வருமான வரி, ரயில் டிக்கெட், பிஎஃப் எல்லாவற்றிலும் நீங்களே லாகின் செய்து மாற்ற வேண்டும். சில இடங்களில் மாற்றுவதற்கான ஓடிபியே பழைய ஐடிக்குத்தான் வரும். இதை முடிக்கும்வரை பழைய கணக்கில் அவ்வப்போது நுழைந்து பாருங்கள்; இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம், யாஹூவில் ஒரே வருடம்தான்.