மனைவியைக் கூப்பிட லோயர் தேடிய கதை

மனைவியை யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குக் கூப்பிட, ஸ்காபரோவில் நான் முதலில் போனது தெரிந்த அண்ணை ஒருவர் காட்டிய 'ஏஜென்ட்' இடம். காசை வாங்கினார். படிவத்தில் தன் பெயரைப் போட மாட்டன் என்றார். அங்கேயே எழும்பி வந்திருக்க வேணும். கனடாவில் காசு வாங்கி இந்த வேலை செய்ய உரிமம் வேணும். உரிமம் உள்ளவர், விண்ணப்பத்தில் எங்களுக்காகச் செயற்படுபவர் யார் என்று சொல்லும் ஐஎம்எம் 5476 படிவத்தில் தன் விபரத்தை எழுதப் பின்நிற்க மாட்டார்.

ஆகவே முதலில் பெயரைக் கேட்டு, லோயர் என்றால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் தளத்தில் தேடிப் பாருங்கோ. ஆலோசகர் என்றால் குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியின் (படிக்கிற இடமில்லை, ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு) பட்டியலில் பாருங்கோ. ஒருவரையும் தெரியாதா? சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை ஒருவரைக் காட்டும். 30 நிமிடம் வரை இலவசமாகக் கதைக்கலாம்.

அந்த அரை மணித்தியாலம் பொன் மாதிரி. கலியாணப் பதிவு, வந்த கடிதங்கள், முக்கியமாக நீங்கள் கனடா வரும்போது நிரப்பிய பழைய படிவங்களின் பிரதி, எல்லாம் கொண்டு போங்கோ. அப்போது மனைவியையோ பிள்ளையையோ எழுதாமல் விட்டிருந்தால், பிறகு ஸ்பொன்சர் செய்வதற்கே அது தடையாகலாம். வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லுங்கோ. வெளிநாட்டில் இருக்கும் மனைவிக்கு நிராகரிப்பு வந்திருந்தால் மேன்முறையீட்டுக்கு 30 நாள்தான். கடிதத் தேதியை முதலில் காட்டுங்கோ.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கோ. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதேங்கோ. 'விசா நிச்சயம்' என்பவரிடம் திரும்பிப் போகாதேங்கோ.